தங்கையின் வலிக்கு நான் இட்ட மதிப்பெண்

சென்ற மார்ச் மாதம் நான்காம் தேதி காலை, என் தங்கையின் புற்றுநோய் எலும்புகளுக்குப் பரவிவிட்டது என்றும், இனிச் செய்யக்கூடியது வேதனையைத் தணிப்பது மட்டுமே என்றும் மருத்துவர் தெரிவித்தார். அன்றே அவளை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். படுக்கை விரிப்பை நாள்தோறும் மாற்றினேன். என் கவனிப்பில் எவரும் குறை கண்டதில்லை.

வாரந்தோறும் மருத்துவமனையிலிருந்து ஆலோசகர் ஒருவர் வருவார். பயமும் தனிமையும் வலியைப் பெருக்கும், மனம்விட்டுப் பேசினால் சற்றுத் தணியும் என்பார். மூச்சை நிதானமாக விடவும் கற்றுக்கொடுத்தார். வலிக்குப் பூச்சியத்திலிருந்து பத்துவரை ஓர் எண்ணைத் தங்கை சொல்ல வேண்டும். அதை நான் நாள்தோறும் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் தெரிவித்தால், அதன்படி மருந்தின் அளவை நிர்ணயிப்பார்கள்.

முதல் வாரமே அவள் பத்து என்றாள்.

"பத்துன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? உட்கார்ந்து பேசிட்டிருக்க. பத்து எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

அவள் ஆலோசகரைப் பார்த்துச் சிரித்தாள். "எங்க அக்கா டீச்சரா இருந்தவ. கடவுளே வந்து பரீட்சை எழுதினாலும் ஏழுக்கு மேல போடமாட்டா."

"எவ்வளவு வலின்னு அவங்கதாம்மா சொல்லணும்," என்றார் ஆலோசகர்.

முழு மதிப்பெண் கொடுத்துவிட்டால், அதன்பின் மாணவி முயல்வதற்கு ஒன்றுமிராது. ஆகவே, ஆலோசகர் போனபின், வலி குறைந்துவிட்டது, இப்போது நான்குதான் என்று தொலைபேசியில் சொன்னேன். அதைப் பொய் என்று கருதலாகாது, அது திருத்தம். அடுத்தடுத்த வாரங்களிலும் அவ்வாறே திருத்தினேன். அவள் தலையணையைக் கடித்துக்கொள்வாள். உறையைத் துவைத்துப் போட்டேன்.

"அக்கா, ஒரே ஒரு தடவை எட்டுன்னு சொல்லேன்," என்று ஒருநாள் கெஞ்சினாள்.

"கெஞ்சறதுக்கு மூச்சு இருக்குல்ல?" என்றேன்.

பின்னர், கேட்டால் அவளாகவே நான்கு என்று சொல்லப் பழகினாள். அவளுடைய முன்னேற்றம் எனக்கு நிறைவளித்தது.

அவளோடு தனியாகப் பேச ஆலோசகர் பலமுறை அனுமதி கேட்டார். நான் அறையைவிட்டு நகர்ந்ததில்லை. ஒருநாள், நான் மருந்துக் கடைக்குச் சென்றிருந்தபோது அவர் முன்கூட்டியே வந்துவிட்டார். திரும்பி வந்தபோது, தங்கை அவர் கையைப் பற்றியபடி வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் மருத்துவமனையில் முடிவு செய்தார்கள். தங்கை இனி அங்கேயே இருப்பாள். வலியின் அளவை அவளிடம் மட்டுமே கேட்பார்கள். அவளுடைய விருப்பப்படி, நான் அவளைப் பார்க்க வரலாகாது. இப்போது வலியின்றி உறங்குகிறாளாம். மருந்தின் மயக்கத்தில்தான் என்னை வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். வலி இருந்தவரை அவள் என்னையன்றி வேறெவரையும் அழைத்ததில்லை.