மூன்றும் இறங்கலாம்

வருஷம் எழுபத்தேழா எழுபத்தெட்டா என்பதில் எனக்கே சந்தேகம் இருக்கிறது, ஐயா. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை என்பது மட்டும் உறுதி. அதற்குப் பிறகு நடந்தவற்றை மனதுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஓட்டிப் பார்த்ததில் சில இடங்கள் தேய்ந்திருக்கலாம். அடைக்கலம் உங்களிடம் சொன்னது பெரும்பாலும் சரிதான். அவருக்குத் தெரியாததை நான் சொல்கிறேன்.

மதுவிலக்குக் காலம் அது. நாங்கள் குடிகாரர்கள் அல்ல. பாலக்கரையில் விக்டர் வீட்டுப் பின்கட்டில், பூசை முடிந்த மதியத்தில், நாலு பேர் கூடி வீட்டில் காய்ச்சிய பீரை ருசி பார்ப்போம். விக்டர் பார்லியில் செய்வார். அடைக்கலம் ஜீயபுரத்து விவசாயி; பூவன் பழத்தில் செய்து, வாழையிலைக் கட்டுக்குள் பாட்டிலை மறைத்து பஸ்ஸில் கொண்டுவருவார். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த தைரியராஜ் இஞ்சியில் செய்வார்.

நான் எதுவும் செய்ததில்லை. கல்லூரி நூலகத்தில் வேலை, புத்தகம், தனி அறை, அவ்வளவுதான் நான். ஆனால் எனக்கு நாக்கு இருந்தது. எந்தச் சரக்கில் வெல்லம் கூடியது, எது ஒரு நாள் முந்தித் திறக்கப்பட்டது என்று சொல்லிவிடுவேன். முதல் வாய் எனக்குத்தான். கொப்பளித்துத் துப்பிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருப்பேன். பிறகு "இறங்கலாம்" என்பேன், தொண்டைக்குள் விடலாம் என்று அர்த்தம். அந்தச் சொல் வரும்வரை ஒருவரும் டம்ளரைத் தொடமாட்டார்கள். என் மௌனத்துக்காக மூன்று பேர் காத்திருந்த இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

அந்த ஆடியில் எனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது ருசியும் வாசனையும் சேர்ந்து போய்விட்டன. சோறு காகிதம் போல இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. நுரையையும் நிறத்தையும் பார்த்து இரண்டு மூன்று மாதம் ஓட்டினேன். ஒருமுறை புளித்துப்போன பார்லியைப் புகழ்ந்துவிட்டேன். விக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு தைரியராஜ் என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"சார், இஞ்சி பீர் பச்சப்புள்ளைங்க குடிக்கிறதுன்னு விக்டர் கிண்டல் பண்றார்ல. கொஞ்சம் ஸ்பிரிட் விட்டிருக்கேன். தெரிஞ்சவர் குடுத்தாரு, நல்ல சரக்குன்னாரு. எனக்கென்னமோ பயமா இருக்கு. நாக்குல தப்பாப் பட்டா லேசா இருமுங்க, கை தவறின மாதிரி கொட்டிடறேன்."

சரி என்றேன்.

உள்ளே விக்டர் தோளில் துண்டோடு நின்றார். "இன்னிக்கு நாக்கு சாருக்குப் பரீட்சை. கண்ணைக் கட்டிட்டுத்தான் சொல்லணும்."

"பெயில் ஆனா என்ன செய்றது?" என்றார் அடைக்கலம்.

"அடுத்த வாரத்துலேர்ந்து டம்ளர் கழுவட்டும்."

சிரித்தார்கள். துண்டைக் கட்டினார்கள். வாயில் குளிர்ச்சி தவிர வேறொன்றும் தெரியவில்லை. அப்போது ஒன்றைக் கவனித்தேன். அவரவர் சரக்கு என் வாய்க்குள் போகும்போது அவரவர் மூச்சு நின்றது. முதல் டம்ளருக்கு அடைக்கலத்தின் மூச்சு. இரண்டாவதற்கு விக்டர். மூன்றாவதற்கு தைரியராஜின் மூச்சு நின்று, வெகுநேரம் திரும்பவேயில்லை. என் இருமலுக்குக் காத்திருந்தார்.

இருமியிருக்கலாம். ஆனால் "என்ன தப்பு, சொல்லுங்க" என்று விக்டர் கேட்டிருப்பார். எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

"வாழை, பார்லி, இஞ்சி," என்றேன். "மூன்றும் இறங்கலாம்."

துண்டை அவிழ்த்த விக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க சார், சந்தேகப்பட்டுட்டேன். பச்சப்புள்ளைங்க சமாச்சாரம்னு சொன்னதையும் வாபஸ் வாங்கிக்கிறேன்." இஞ்சியை அவர்தான் அதிகம் குடித்தார். தைரியராஜ் தன் பங்கை நிம்மதியாகக் குடித்தார். அடைக்கலமும் குடித்தார்; நான் வழக்கம்போல ருசி பார்த்துத் துப்பியதோடு சரி.

அந்த மாதிரி ஸ்பிரிட்டை நல்ல நாக்காலும் கண்டுபிடிக்க முடியாது என்று பின்னால் ஒரு டாக்டர் சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நீங்களும் என்னை விட்டுவிடுவீர்கள்.

பஸ்ஸைத் தவறவிட்ட அடைக்கலம் என் அறையில் படுத்திருந்தார். விடிந்ததும், "சார், கண்ணு முன்னாடி பாலை ஊத்தின மாதிரி இருக்கு," என்றார். எனக்கு உடனே புரிந்தது. நான் தினமும் செய்தித்தாள் படிப்பவன். கள்ளச் சரக்கில் கண் போனவர்களைப் பற்றியும், சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பிழைத்ததைப் பற்றியும் படித்திருக்கிறேன்.

"பித்தம்," என்றேன். "வெந்நீர் குடிச்சிட்டுப் படுங்க."

சற்று நேரத்தில் விக்டரின் மனைவி அமலராணி வந்து கதவைத் தட்டினாள். "அண்ணே, அவருக்கு வயித்துவலி தாங்கல. வெளிச்சம் மங்கலாத் தெரியுதுங்கறாரு. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகவா?"

டாக்டர் கேட்பார். என்னிடம் முன்பே எச்சரித்ததைத் தைரியராஜ் சொல்வார். விக்டர் படுக்கையில் படுத்தபடி என்னை மறுபடி அப்படிப் பார்ப்பார்.

"போலீஸ் கேஸ் ஆயிடும்மா," என்றேன். "மோர் குடுங்க. தூங்கினா சரியாயிடும்."

நான் சொன்னதால் அவள் திரும்பிப் போனாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. நான் கதவைச் சாத்திக்கொண்டு, அடைக்கலம் முனகுவதைக் கேட்டபடி, பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அவர்களுக்காக அல்ல.

தைரியராஜ் அன்று மாலை பொன்மலையில் தன் வீட்டிலேயே இறந்தார். விக்டரை மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள், வழியிலேயே முடிந்துவிட்டது. அடைக்கலத்துக்கு இரண்டு கண்ணும் போயிற்று. ஜீயபுரத்துத் தோப்பைத் தம்பி பார்த்துக்கொள்கிறார். அமலராணி துறையூரில் ஒரு கான்வென்ட் சமையலறையில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு எனக்குக் கேக் அனுப்புவாள். நன்றாயிருந்தது என்று எழுதிவிடுவேன். நான் இன்னும் அதே அறையில்தான் இருக்கிறேன். விக்டருக்குப் பிறகு என் நாக்கை யாரும் சந்தேகித்ததில்லை.