சளிக்கு ஒரு கட்டுரை

தாராவியில் பஸ் ஏறிய பெண், என் முன்சீட்டில் இருந்த கண்ணாடிக்காரம்மாவைப் பார்த்ததும் சத்தமாகச் சொன்னாள்:

“டாக்டரம்மா, நீங்க எழுதுன கட்டுரை எனக்கு நல்லாக் கேட்டுச்சு. சளி போயே போச்சு!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“நான் ஊசி போடற டாக்டர் இல்லம்மா. லேப்ல கிருமியை ஆராய்ச்சி பண்றேன், தமிழ்ப் பேப்பர்ல எழுதறேன், அவ்ளோதான்.”

“மாத்திரையே போடலங்கேன். நான் ஹிந்தி ஸ்கூல்லல்லா படிச்சேன்? தமிழ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். தினமும் நாலு வரி. கடைசி வரிக்கு வாரதுக்குள்ள மூக்கு சரியாயிட்டு.”

“கடைசி வரியில என்ன இருந்தது?”

“‘சாதாரணச் சளி ஒரு வாரத்தில் தானே போய்விடும்.’ இத மொதல்லயே எழுதுனா என்னவாம்?”

“மொதல்லயே எழுதியிருந்தா, ‘ஒரு வாரமா!’ன்னு அதோட மூடி வச்சுட்டு மெடிக்கலுக்குன்னா ஓடியிருப்பேள்!”