உயர்த்திக் கட்டிய ஜிப்ஸி

பழைய வண்டி வாங்குகிறவன் முதலில் ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். மேல் பெயின்டைப் பார்த்து வாங்குகிறவன் ஏமாளி. அந்த ஜிப்ஸி ஜீப்பை அம்பாசமுத்திரத்தில் ஒரு ரைஸ்மில்காரரிடம் வாங்கும்போது நான் வெகுநேரம் அடியில் கிடந்தேன். எழுந்தபோது சட்டை முழுக்கக் கிரீஸ். சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில், துரு இல்லை. நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற கியர் சுத்தமாக விழுந்தது. அன்றைக்கே பாளையங்கோட்டைக்கு ஓட்டிவந்துவிட்டேன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், சார், அந்த வண்டியில் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என நாளைக்கு எந்த வக்கீலும் சொல்லிவிடக் கூடாது. எனக்குத் தெரியும். நான் பொறியாளர்.

என் தம்பி மகேஷைப் பற்றிக் கேட்டீர்கள். வீட்டுக்கு மூத்தவன் என்பதால் எனக்குத் தாத்தாவின் பெயர், தாணுமாலையன். அவனுக்கு அம்மா ஆசைப்பட்டு வைத்த பெயர். அங்கேயே ஆரம்பித்துவிட்டது. என் சைக்கிள், என் கைக்கடிகாரம், என் கல்யாணத்துக்கு எடுத்த பட்டு வேட்டி, எதுவானாலும் முதலில் அவனிடம் போகும், அழுக்காகித்தான் என்னிடம் திரும்பும். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அம்மா ஒரே பேச்சில் முடித்துவிடுவாள்.

"தம்பி ஆசப்படுதான், குடுத்தா என்னலே? கொறஞ்சா போயிருவ?"

எங்கள் வீட்டில் தம்பி கேட்டு அண்ணன் இல்லை என்று சொல்லக் கூடாது. அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. அவன் அடுத்த தெருவில்தான் இருக்கிறான். நினைத்தபோது வருவான், வேண்டியதை எடுப்பான். கேட்கிற வேலையைக்கூட ஒரு கட்டத்தில் விட்டுவிட்டான்.

வண்டியை நான் பார்த்துப் பார்த்துச் செய்தேன். மேலப்பாளையத்தில் யஹ்யா என்பவரின் பட்டறை. முன்னால் இரும்புப் பம்பர், சேற்றில் பிடிக்கிற முரட்டு டயர், தண்ணீரில் இறங்கினாலும் எஞ்சினுக்கு மூச்சு முட்டாமல் இருக்கக் கூரை உயரத்துக்கு ஒரு காற்றுக் குழாய். என் மகள் சுகிர்தா ஏழாவது படிக்கிறாள். பச்சை நிறம் அவள் தேர்ந்தெடுத்தது. ஒரே பிள்ளை, சார். அவள் பார்த்து "எங்க அப்பா" என்று சொல்லிக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான் இத்தனையும்.

களக்காட்டுக்கு மேற்கே, காட்டிலாகா எல்லைக்கு வெளியே, கைவிட்ட கல்குவாரி ஒன்று இருக்கிறது. மேடும் குழியுமாகக் கிடக்கும். இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் ஏற்றிப் பழக அங்கேதான் போவார்கள். முதல் தடவை நான், சுகிர்தா, மகேஷ் மூன்று பேரும் போனோம். பாதி மேட்டில் பயந்துபோய் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். வண்டி நின்று பின்னால் சறுக்கியது. மகேஷ் என்னை இறக்கிவிட்டு, சிரித்துக்கொண்டே ஒரே மூச்சில் உச்சிக்கு ஏற்றினான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து சுகிர்தா சந்தோஷத்தில் போட்ட கூச்சல் குவாரி முழுக்கக் கேட்டது. நான் கண்ணாடி துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு கீழே நின்றேன். இறங்கி வந்தவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பா, நீங்க தொடைக்கத்தான் செய்திய. சித்தப்பாதான் ஓட்டுதாவ."

விளையாட்டாகத்தான் சொன்னாள். மகேஷ் சிரித்தான், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. சைக்கிள் போகட்டும், வேட்டி போகட்டும். பெற்ற பிள்ளையின் கண்ணிலும் நான் துணி பிடிக்கிற ஆள், அவன் ஓட்டுகிற ஆள். வயிறு எரிந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

அதற்கப்புறம்தான் வண்டியை உயர்த்தினேன். ஸ்பிரிங் கட்டுகளை மாற்றியதும் நாலு விரல் உயரம் கூடியது. உயர்த்தினால் கூடவே ஒன்று செய்தாக வேண்டும். பிரேக் எண்ணெய் சேஸிஸிலிருந்து சக்கரத்துக்கு ஒரு ரப்பர் குழாய் வழியாகப் போகிறது. வண்டி உயர்ந்தால் பழைய குழாயின் நீளம் போதாது. எனக்கு இது தெரியும். யஹ்யாவும் சொன்னார்.

"அண்ணாச்சி, தார் ரோட்டுல ஒண்ணும் தெரியாது. பள்ளத்துல சக்கரம் தொங்குச்சுன்னா பிரேக் ஹோஸ் விண்ணுன்னு இழுத்துக்கிடும். நாலு தடவ இழுத்துச்சுன்னா அந்துரும். நீளமா வாங்கிட்டு வாங்க, மாட்டித் தாரேன்."

"நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அவர் உங்களிடம் இதைத்தான் சொல்லியிருப்பார். அவ்வளவும் உண்மை. நல்ல மனிதர், அவரை அலைக்கழிக்காதீர்கள்.

நான் மாற்றவில்லை. குழாயை அறுத்தேனா? ஒரு நட்டையாவது தளர்த்தினேனா? வண்டியோடு வந்தது வண்டியிலேயே இருந்தது, அவ்வளவுதான். என் வண்டியில் எதை மாற்றுவது, எதை மாற்றாமல் விடுவது என்பது என் இஷ்டம். நான் அதை ஆபீசுக்கும் காய்கறிக் கடைக்கும் ஓட்டினேன். என்னை அது ஒன்றும் செய்யவில்லை.

மகேஷை எடுக்கச் சொன்னேனா? என் மனைவி பிருந்தாவைக் கேளுங்கள். "வண்டியத் தொடாதலே, மலைப் பக்கம் கொண்டு போகாத" என்று அவள் காதுபடச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சொன்னேன். நான் எதைத் தொடாதே என்கிறேனோ அதைத் தொடாமல் அவனால் இருக்க முடியாது, சின்ன வயதிலிருந்து பார்க்கிறேனே. பேசாமல் இருந்திருந்தால் அவனுக்கே சலித்துப்போயிருக்கும். சாவியை ஏன் ஆணியில் மாட்டிவைத்தேன் என்கிறீர்கள். என் வீட்டில் நான் எதற்கு ஒளித்து வைக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமைகளில் குவாரிக்குக் கொண்டுபோய்விட்டு, சேறும் சகதியுமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுவான். அவன் போன பிறகு நான் அடியில் படுத்துப் பார்ப்பேன். ரப்பரில் வெடிப்பு விழுந்திருந்தது. அடுத்த முறை வெடிப்பு கொஞ்சம் கூடியிருந்தது. எழுந்து கை கழுவிவிட்டுச் சாப்பிடப் போவேன்.

ஞாயிறு காலையில் சுகிர்தாவுக்குப் பாட்டு வகுப்பு. அதனால் அவள் அவனோடு போக மாட்டாள். அதையும் யோசித்துத்தான் வைத்திருந்தேன். நான் ஒன்றும் மிருகம் இல்லை. போன ஞாயிறு டீச்சருக்குக் காய்ச்சல் என்று வகுப்பு இல்லாமல் போய்விட்டது. மகேஷ் வந்து சாவியை எடுத்தான்.

"எடுக்காத" என்றேன்.

"சும்மாதானண்ணே நிக்கி. களக்காடு வரைக்கும் போயிட்டு வந்துருதேன்."

பின்னாலேயே சுகிர்தா ஓடிவந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

குவாரி இறக்கத்தில் பிரேக் மிதி தரையோடு போய்விட்டது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகேஷ் அழுகிறானாம். அவனுக்கு ஒரு கால்தான் முறிந்திருக்கிறது. சுகிர்தாவைச் சிந்துபூந்துறையில் எரித்துவிட்டு வந்தோம். பிருந்தா என்னிடம் பேசுவதில்லை.

எடுக்காதே என்றும் எடுத்தவன் அவன். ஓட்டியவன் அவன். பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனவன் அவன். அவனை மெத்தையில் படுக்க வைத்துவிட்டு என்னை இந்த ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். குழாய் அறும் என்று எனக்குத் தெரியும். அவன் சாக வேண்டும் என்றுதான் விட்டுவைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் மகளை நான் கொன்றேன் என்று எழுதினால் போட மாட்டேன்.

அவள் ஏறும்போது நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்கள். பக்கத்தில்தான் நின்றேன். இறங்கு என்றிருந்தால் இறங்கியிருப்பாள். ஏன் என்று மகேஷ் கேட்டிருப்பான். அவன் முன்னால், அவள் முன்னால், நான் என்னவென்று சொல்வது? மறுபடியும் அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவா? ஆனால் ஒன்று, சார், நான் சும்மா நிற்கவில்லை. ஜன்னலுக்குள் கையை விட்டு, அவளுடைய சீட் பெல்ட்டை நானே இழுத்து மாட்டிவிட்டேன். அவ்வளவு பொறுப்பாக இருந்த அப்பனைப் பார்த்துத்தான் நீங்கள் இந்தக் கேள்வி கேட்கிறீர்கள்.