தம்பிராசா வெட்டிய வளைவு

இக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மேடை இசைக்கலைஞர் சங்கத் தலைவர் கலீலுர் றஹ்மான் அவர்களே, மேடைப் பெரியோர்களே, துயரோடு அமர்ந்திருக்கும் அமரரின் மனைவி கனகமணி அக்கா, மகள் லதுசா, குச்சவெளியிலிருந்தும் மூதூரிலிருந்தும் வந்திருக்கும் இசைக்குழு நண்பர்களே, எல்லோருக்கும் ஓர்கன் வாசிக்கும் இந்த மதிசுதனின் வணக்கம்.

அமரர் 'கிற்றார்ச் சிற்பி' தம்பிராசா அவர்களைப் பற்றி எனக்கு முன் பேசிய நண்பர், "கொழும்புக் கடைக் கிற்றாரை அச்சொட்டாக அப்படியே செய்து தந்தவர்" என்று புகழ்ந்தார். நீங்களும் தலையாட்டினீர்கள். அழத்தான் எழும்பி வந்தேன். இப்போது எரிச்சல்தான் வருகிறது.

யார் யாரைப் பார்த்துச் செய்தது? நம் கோயில் திருவிழா மேடைகளில் கிற்றார்காரர் மணிக்கணக்காகக் கதிரையில் உட்கார்ந்துதான் வாசிக்கிறார். வெளிநாட்டு எலக்ட்ரிக் கிற்றார் நின்று வாசிப்பவருக்காகச் செய்தது. மடியில் வைத்தால் வழுக்கும். அதனால்தான் தம்பிராசா அண்ணை அடிப்பக்கத்தை ஆழமாக வளைத்து வெட்டித் தொடையில் குந்தவைத்தார். கொழும்புக் கடைக்காரர் இங்கு வந்து அந்த வளைவைப் பார்த்துப் போன பிறகுதானே தன் பெயரில் விற்றார்?

அண்ணையும் லேசுப்பட்டவரா? "உங்கட பேரைக் கிற்றாரில போடுங்கோ" என்று எத்தனை தரம் கெஞ்சியிருப்பேன்.

"ஏனடாப்பா? பிடி, கம்பி, வயரிங் எல்லாம் வெள்ளைக்காரன்ட யோசனை. நான் வெட்டினது ஒரு வளைவு. அதுக்குப் பேர் போடவோ?"

"ஓம், அப்ப அந்த வளைவு ஆருடையது?"

"இருந்து வாசிக்கிறவனுடையது" என்றுவிட்டு மரத்தைத் தேய்க்கத் தொடங்கிவிடுவார். இந்த மனிதரோடு என்ன வாதாடுவது?

அவர் பெயர் போடாத இடத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்? வெளிநாட்டுக் கம்பனியின் ஸ்டிக்கரை ஒட்டினீர்கள். உள்ளூர்ச் சாமானோடு வந்த குழு என்று கலியாண வீட்டார் மட்டமாக நினைப்பார்களாம்.

அதன் பலனை இன்று அனுபவிப்பது லதுசா. தகப்பனோடு சரிக்குச் சரியாகப் பட்டறையில் நின்றவர். "எங்கட டிசைனைச் செய்யாதீங்கோ, பொலிசுக்குப் போவம்" என்று அந்தக் கடைக்காரர் அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். லதுசா எதைக் காட்டி மறுப்பார்? அவர் அப்பா செய்த கிற்றார்கள் ஊர் முழுக்க வேறு பெயரில் அல்லவா திரிகின்றன! பட்டறையைப் பூட்டவைத்துவிட்டு, படத்துக்கு மாலை போட்டு என்ன பயன்?

ஆகவே, மௌன அஞ்சலியோடு நாம் கலைய ஏலாது. ஞாயிற்றுக்கிழமை, அண்ணையின் கிற்றார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதை உட்துறைமுக வீதிப் பட்டறைக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்டிக்கரை உரிக்க வேண்டும். கொழும்புக் கடை விற்கத் தொடங்குமுன்பே இதை அண்ணையிடம் வாங்கினேன் என்று லதுசாவுக்காகச் சாட்சி சொல்ல வேண்டும். மகள் கையால் தகப்பன் பெயரைப் பொறிக்க வேண்டும். அந்தப் பட்டறை திறந்திருக்கும், அந்த வளைவு அங்கே வெட்டப்படும் என்று இந்தச் சபையில் உறுதி எடுப்போம்.

தலைவர் அவர்களே, நீங்களும் தலையாட்டுகிறீர்கள். நன்றி. உங்கள் கிற்றார் வெளியே நிற்கும் வான் வண்டிக்குள்தான் இருக்கிறது. அதன் தலையில் ஒட்டியிருக்கும் அமெரிக்கப் பெயரை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஞாயிறு வரை ஏன் காத்திருக்க வேண்டும்? எடுத்துவாருங்கள். லதுசா முன்வரிசையில்தான் இருக்கிறார்.