ஊதா வெளிச்சத்துல வெண்ட வெத

இல்ல பாப்பா, சேர்லாம் வேணாம், நான் நின்னுக்கினே பேசுறேன். நீதான அன்னிக்கு எங்க ஊருப் பக்கம் வந்து கூட்டம் போட்டு, வெதய பிளாஸ்மா மெஷின்ல வெச்சு எடுத்தா சீக்கிரம் மொளைக்கும், செடி நல்லா வரும்னு சொன்ன ஏஞ்சலினு? ஆங். எனுக்கு மூஞ்சி மறக்காது. நான் செல்லக்கிளி. கம்மாபுரத்துக்கு அந்தாண்டேருந்து வர்றேன். வெண்ட வெத கொண்டாந்துருக்கேன், பாரு.

இதுதானா மெஷினு? பெருசா இருக்கும்னு நெனச்சேன். எங்க வூட்டுக்காரரு நெலக்கரி மைன்ஸ் ஒர்க்‌ஷாப்ல கான்ட்ராக்டு, பெர்மனன்ட் ஆவாமலே போய்ச் சேந்துட்டாரு. அவுரு சொல்லுவாரு, பிளாஸ்மான்னா இரும்புத் தகட்டையே அறுக்கும்னு. அதுல போயி வெதய வெச்சா பொரிஞ்சிதான போவும்? ஓ, இது சூடே இல்லாததா. கைய வெச்சுப் பாக்கலாமா? சரி சரி, தொடல. உள்ள எரியுற வெளிச்சத்தோட கலரு நல்லாத்தான் இருக்கு, கத்திரிப்பூ கணக்கா.

சிரிக்கிறியா? சிரி, சிரி. நாலஞ்சு நாளா நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல, அதான் இந்தப் பேச்சு பேசுறேன். எங்க தெருவுல இப்ப யாருமில்ல பாப்பா. நெலத்த மைன்ஸுக்கு எழுதிக் குடுத்துட்டு ஒவ்வொரு குடும்பமா கெளம்பிடுச்சு. கதவு ஜன்னலக்கூட பேத்து எடுத்துக்கினு போய்ட்டாங்க. சாயங்காலமானா என் ஒருத்தி வூட்டுலதான் லைட்டு எரியும். மொதல்ல தனியாவே எதுனா பேசிக்கினு வேல செய்வேன். அப்புறம் என் சத்தமே எனுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, நிறுத்திட்டேன்.

என் நெலமா? எனுக்கு ஏது நெலம்? கொளஞ்சியப்பன்னு ஒருத்தரோடது. கல்யாணமாயி வந்ததுலேருந்து அதுலதான் கூலிவேல. நான் இருக்குற வூடும் அவுங்க எடத்துலதான் நிக்குது. அவுங்க பண்ருட்டியில வூடு கட்டிக்கினு போய்ட்டாங்க. போறப்ப நல்லவிதமாத்தான் சொன்னாரு. இந்த ஒரு வெள்ளாமைய வெச்சு எடுத்துக்கோ செல்லக்கிளி, அதுவரைக்கும் ஒன்ன யாரும் தொந்தரவு பண்ணமாட்டாங்க, காய் முடிஞ்சதும் எடத்த மைன்ஸுக்கு ஒப்படைக்கணும்னாரு. அவுரு புள்ள வளவன் அப்பப்ப வண்டியில வந்து, வெதச்சாச்சான்னு பாத்துட்டுப் போவுது. வெதைக்காமலே வெதச்சுட்டேன்னு சொல்ல எனுக்கு வராது.

அதான் பாப்பா வந்தேன். அன்னிக்குக் கூட்டத்துல நீ இன்னொன்னும் சொன்ன. அளவுக்கு மேல மெஷின்ல இருந்துட்டா வெத மந்தமாயிடும், லேட்டாத்தான் மொளைக்கும், சிலது மொளைக்காமலும் போயிடும்னு. மத்தவங்கல்லாம் அதக் கேட்டு உஷாராயிட்டாங்க. நான் அதத்தான் புடிச்சுக்கினேன்.

இத கொஞ்சம் கூடுதலா வெச்சிரு.

ஆமா, தெரிஞ்சுதான் கேக்குறேன். மொளைக்கலன்னா போவுது, திரும்ப வெதைக்கிறேன். எனுக்குக் காய்க்கு ஒண்ணும் அவசரமில்ல பாப்பா. காய் முடிஞ்சா நான் கெளம்பணும். எங்கன்னுதான் தெரியல.