கல்லறையில் எந்த டிவிஷன்

எண்பதுகளில் ஒரு காலை, ஆவடியில் ஏறிய மின்சார ரயிலில் எனக்கு எதிரே ஒரு அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். இறந்துபோன அப்பாவின் கல்லறைக்குக் கல் செதுக்கச் சொல்லப் போகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“பட்டாளத்துல அப்பா இருந்த டிவிஷனே இப்ப இல்லியாம்க்கா,” என்றார் தம்பி. “பழைய பட்டாளத்துக்காரர் ஒருத்தரு சொன்னாரு.”

“இல்லாத டிவிஷன்லயா அவரு இருந்தாரு?”

“அப்ப இருந்துச்சு. உலக யுத்தத்துக்குன்னு ஆள் சேத்து, ரிசர்வுல வெச்சிருந்து, யுத்தம் முடியறதுக்குள்ளயே கலைச்சுட்டாங்க. ஆளுங்கள வேற வேற டிவிஷனுக்குப் பிரிச்சு அனுப்பிட்டாங்க.”

“அது யாரோட சண்ட போட்டுச்சு?”

“யாரோடயும் இல்ல.”

“பின்ன இன்னா பண்ணுச்சு?”

“கூப்புடுவாங்கன்னு காத்துகினு இருந்துச்சு.”

அண்ணனூர் வந்து போனது.

“அப்பறம் வேற டிவிஷனுக்குப் போயி பர்மாவுல சண்ட போட்டாரே,” என்றார் தம்பி. “கல்லுல அந்த டிவிஷன் பேரப் போட்டா நாலு பேருக்குத் தெரியும்.”

“அந்தப் பேர அவரு சொல்லி நீ கேட்டுக்கிறியா?”

“இல்ல. எப்பவும் கலைச்ச டிவிஷனத்தான் சொல்வாரு. சண்டையே போடாத டிவிஷன இன்னாத்துக்கு சொல்றாருன்னு எனக்குப் புரிஞ்சதே இல்ல.”

“அதுல இருந்தப்போ அவரோட சிநேகிதங்க எல்லாரும் உசுரோட இருந்தாங்கடா.”

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொரட்டூரில் இறங்க எழுந்தபோதும் அவருக்குக் குழப்பம் தீரவில்லை.

“கல்லுல அதையே போட்டப்பறம் யாராச்சும் இது இன்னா டிவிஷன்னு கேட்டா?”

“இருந்துச்சுன்னு சொல்லு,” என்றார் அக்கா.