றஊப் மிதிக்காத கல்

அன்புவழிபுரத்தில் என் வீட்டுக்குள் சித்திரையிலும் வெக்கை தெரியாது. அத்திவாரமும் வாசற்படியும் பழைய கல். இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கேட்பதும் அந்தக் கல்லைப் பற்றித்தானே. சொல்கிறேன்.

துறைமுகத்தடியில் எங்கள் சீமெந்துக் களஞ்சியம் ஒரு காலத்தில் போர்த்துக்கீசத் துறவிகளின் கோயில். ஒல்லாந்தர் வந்து துறவிகளைத் துரத்தினார்கள். தங்கள் சீர்திருத்த வேதத்துக்கு ஆகாதென்று சுரூபங்களை உடைத்துவிட்டுப் பிரசங்கம் வைத்தார்கள். பிறகு அங்கே வெடிமருந்து, பிறகு வெள்ளைக்காரரின் கப்பல் கயிறு. ஐம்பத்தாறில் நான் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக வந்தேன். எல்லாரும் பிடுங்கிய இடம்தானே என்று, ஞாயிறுகளில் நடுத்தூணின் உள்ளிருந்து என் வீட்டுக்குக் கல் கழற்றினேன். மேலே சாந்து பூசிவிடுவேன்.

மேசன் றஊப் சாந்துக் கரண்டிப் பிடியால் தட்டிக் கேட்காமல் எந்தச் சுவரிலும் வேலை தொடங்கமாட்டான். ஒருநாள் அந்தத் தூணைத் தட்டினான். உடனே அது தாங்கிய வளைவுக்கு ஒரு மரத்தை முட்டுக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தான்.

"ஐயா, தூண் உள்ளுக்குக் கோறையாக் கிடக்கு, ஒண்டுமில்ல. கல்லெல்லாம் உங்கட வாசல்ல கண்டனான். படைச்சவன வணங்கின இடத்துக் கல்லு, நான் மிதிக்க மாட்டன். திருப்பி வைச்சிடுங்க. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

அவன் மிரட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். ஒரு மேசன் எனக்கு மன்னிப்புத் தருவதா?

புதன்கிழமை தூணுக்குள் ஈரமணலைத் திணித்து இறுக்கிப் பூசினேன். சனிக்கிழமை, "கல்லைத் திருப்பி வைச்சிட்டன், தட்டிப் பாரும்" என்றேன். தட்டினான். சத்தம் கட்டியாகத்தான் கேட்டது.

"அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யட்டும், ஐயா," என்று சிரித்தான். முட்டு மரத்தை அவனே அடித்துக் கழற்றினான். நான் வெளியே, வாசலுக்கு அப்பால் நின்றேன். வளைவு அவன்மேல் விழும் என்று எனக்குத் தெரியும். விழுந்தது.

ஒல்லாந்தர் காலத்துப் பழுது என்று அறிக்கை எழுதினேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை, ஐயா. பாவி நான்.

நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்தபின் அவன் மனைவி ரபீக்கா, நான் எடுத்து வைத்திருந்த அவனுடைய கரண்டியைக் கேட்டு என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன். படியைப் பார்த்தபடி வெயிலில் நின்றாள்.

"ஏலாது ஐயா. இந்தக் கல்லில கால் வைக்கக் கூடாதெண்டு அவர் சொன்னவர்."

கரண்டியை நீட்டினேன். வாங்கிக்கொண்டு போனாள். உங்களிடம்தான் போயிருக்கிறாள் என்று இப்போது தெரிகிறது.

அவள் வந்துபோன அடுத்த நாளே அந்தக் கல்லைக் கிளப்பி, சிலுவை வெட்டிய பக்கம் மண்ணுக்குள் போகும்படி புரட்டிப் பதித்துவிட்டேன். அவளைக் கண்டால் சொல்லுங்கள், ஐயா. இனி அவள் தாராளமாக மிதித்து வரலாம்.